பாட்டிக்கு ஒரு டிக்கெட்... வாத்தியாருக்குக் கடைசி பெஞ்ச்!

ஷாப்பிங் மாலில் பார்த்திருப்பீர்கள். முகத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, இரண்டு கையிலும் குட்டி ரிமோட். நட்டநடு ஹாலில் நின்றுகொண்டு, இல்லாத எதிரியை ஒரு இளைஞர் சீவித் தள்ளிக்கொண்டிருப்பார். குனிவார், பதுங்குவார், திடீரென்று 'ஐயோ' என்று அலறுவார். சுற்றி நாலு பேர் கையில் பாப்கார்னோடு வேடிக்கை பார்ப்பார்கள். சினிமா டிக்கெட் மிச்சம்!

வி.ஆர். என்று செல்லமாக அழைக்கப்படும் வர்ச்சுவல் ரியாலிட்டி. 'மெய்நிகர்' என்று அழகான தமிழ்ப் பெயரும் உண்டு. வயசுப் பசங்க விளையாட்டு என்று ஒதுக்கிவிடாதீர்கள். என்னைக் கேட்டால், இந்தப் பெட்டிக்காக வரிசையில் முதலில் நிற்க வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர், வீட்டை விட்டு இறங்க முடியாத உங்கள் பாட்டி. இன்னொருவர், நாற்பது பிள்ளைகள் முன்னால் தினமும் தொண்டை கிழியக் கத்தும் பள்ளிக்கூட வாத்தியார்.

இரண்டு பேருக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. பாட்டியால் தன் பழைய தெருவுக்குப் போக முடியாது. வாத்தியாரால் தன் வகுப்பிலேயே கடைசி பெஞ்சில் போய் உட்கார முடியாது. ஆசைப்பட்ட இடத்தில் கண்ணைக் கொண்டுபோய் வைக்கிற வித்தை இரண்டு பேருக்குமே தேவைப்படுகிறது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

அந்தக் காலத் திருவிழாக்களில் பயாஸ்கோப் பெட்டிக்காரர் வருவார். தகரப் பெட்டியின் ஓட்டையில் கண்ணை வைத்தால் தாஜ்மகால் தெரியும். அதன் கொள்ளுப்பேரன்தான் இது. இரண்டு கண்ணுக்கும் கொஞ்சமே கொஞ்சம் வித்தியாசமான இரண்டு படங்களைக் காட்டினால், மூளை இரண்டையும் சேர்த்து ஆழத்தை உண்டாக்கிக்கொள்ளும். இதை இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன் 1838-லேயே விளக்கிவிட்டார். இப்போது வந்திருக்கும் பெட்டியில் கூடுதலாக சில சென்சார்கள். நீங்கள் தலையைத் திருப்பினால் படமும் திரும்பும். அண்ணாந்தால் வானம். குனிந்தால் தரை.

படம் எடுக்க 360 டிகிரி காமிரா. முன்னால் ஒரு மீன்கண் லென்ஸ், பின்னால் ஒன்று. ஆளுக்குப் பாதி உலகத்தைப் பிடித்துக்கொடுக்க, சாப்ட்வேர் இரண்டையும் தையல்காரர் மாதிரி ஒட்டித் தைத்துவிடும். நாலாபுறமும் பார்க்கலாம். ஆனால் ஒரு அடிகூட நடக்க முடியாது. காமிரா வைத்த இடத்தில் உங்களை ஆணி அடித்து நிறுத்திய மாதிரிதான். படம் எடுத்தவருக்கும் ஒரு சங்கடம் உண்டு. ஒளிந்துகொள்ள இடமே கிடையாது!

சிலருக்குத் தலைசுற்றும். கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ்ஸில் உட்கார்ந்து பத்திரிகை படித்தால் என்ன ஆகும்? 'வண்டி வளைகிறது' என்று காது சொல்லும். 'எழுத்து நகரவில்லையே' என்று கண் சொல்லும். பஞ்சாயத்து வயிற்றில் முடியும். இங்கே தலைகீழ். உடம்பு நாற்காலியில், கண்ணோ படகில். அதனால்தான் ஆடும் படகு, ஓடும் கார் எல்லாம் பெரியவர்களுக்கு வேண்டவே வேண்டாம் என்கிறார்கள்.

கூரையில் தொங்கிய கனவு

இது நேற்று முளைத்த சமாச்சாரமும் இல்லை. அமெரிக்காவில் மார்ட்டன் ஹெய்லிக் என்ற சினிமாக்காரர் 1962-ல் 'சென்சோரமா' என்ற இயந்திரத்துக்குப் பேடன்ட் வாங்கினார். உட்கார்ந்து உள்ளே முகத்தை நுழைத்தால் நியூயார்க்கின் புரூக்ளின் தெருக்களில் மோட்டார் சைக்கிள் சவாரி. நாற்காலி அதிரும், முகத்தில் காற்று அடிக்கும், வாசனைகூட வரும். எல்லாம் வந்தது, பணம் போட முதலாளி மட்டும் வரவில்லை.

1968-ல் ஐவன் சதர்லேண்ட் தலையில் மாட்டுகிற திரையைச் செய்து காட்டினார். அதோடு இணைந்த இரும்புக் கருவியைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. தலைக்கு மேல் கத்தி தொங்கிய கிரேக்கக் கதையை நினைவுபடுத்தி 'டாமோகிளீஸின் வாள்' என்று பெயர் நிலைத்துவிட்டது.

பிறகு 1996-ல், சியாட்டில் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்ற இருவர் இதைத் தீக்காய வார்டுக்குள் கொண்டுபோனார்கள். புண்ணுக்குக் கட்டுப் பிரிக்கும்போது உயிர் போகும். அந்த நேரத்தில் நோயாளி கண்ணில் பனிமலையைக் காட்டி, பெங்குவின் மீது பனிப்பந்து எறியச் சொல்லும் விளையாட்டு ஒன்றைப் பின்னால் உருவாக்கினார்கள். பெயர் 'ஸ்னோ வேர்ல்ட்'. மனசு அங்கே போனதால் வலி குறைவாகத் தெரிந்தது. வலிக்கும் கவனம் தேவை. கவனத்தைத் திருடிவிட்டால் வலிக்குத் தீனி குறைகிறது. விளையாட்டுப் பெட்டி வைத்தியப் பெட்டியானது இப்படித்தான்.

எட்டு நிமிஷம்... ஒரு மணி நேரம்

எங்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் ஒரு அம்மா இருக்கிறார். வயது 81. ரிடையரான தலைமையாசிரியை. எல்லோருக்கும் 'டீச்சரம்மா'. இடுப்பு எலும்பு முறிந்த பிறகு வீல்சேர்தான். எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. இரண்டு வருஷமாக அவருடைய உலகம் பால்கனிக் கம்பியோடு முடிந்துவிடுகிறது.

நண்பனிடம் பெட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை கடன் வாங்கிக்கொண்டு போனேன். முதலில் பாரிஸ், ஈஃபில் டவர்.

"நல்லா இருக்கு தம்பி. கூட்டம்தான் ஜாஸ்தி" என்றார், பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவந்த ரவாகேசரிக்கு மார்க் போடுவதுபோல.

அடுத்து சுவிட்சர்லாந்து. "பனி. சரி" என்றார். பிறகு மெதுவாக, "மயிலாப்பூர்ல நாங்க இருந்த தெரு இதுல வருமா?"

கூகுளின் தெருக்காட்சிப் படங்கள் இந்தியாவில் 2022-ல் பத்து நகரங்களோடு அறிமுகமானபோது சென்னையும் அதில் ஒன்று. தேடினோம். கிடைத்தது. டீச்சரம்மா ஒரு நிமிஷம் பேசவே இல்லை. கை மட்டும் காற்றில் எதையோ தொடுகிற மாதிரி நீண்டது.

"முன்னாடி போப்பா... இன்னும் கொஞ்சம்... நில்லு. இந்த மருந்துக்கடை இருக்கே, அப்போ இது ஓட்டு வீடு. இந்தத் திண்ணையிலதான் சாயங்காலம் பதினாலு பசங்களுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தேன். நாலு வருஷம்."

பக்கத்தில் நின்றிருந்த மகனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் பேங்க் மானேஜர். "எப்பம்மா? நான் பார்த்ததே இல்லையே?"

"நீ ஹாஸ்டல்ல இருந்தே. உன் ஃபீஸ் எங்கேர்ந்து வந்ததுன்னு நினைச்சே?"

மானேஜர் பதில் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டி டீச்சரம்மா முகத்தில் இருந்தது மொத்தம் எட்டு நிமிஷம். கழற்றி வைத்த பிறகு அம்மாவும் பிள்ளையும் பேசியது ஒரு மணி நேரத்துக்கு மேல். நான் நைஸாக நழுவி வந்துவிட்டேன்.

பெட்டியின் முழு மகத்துவமும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

எண்கள் என்ன சொல்கின்றன?

ஒரு டீச்சரம்மாவை வைத்து உலகத்தை எடைபோடக் கூடாது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் தலைமையிலான ஆய்வுக்கூடமும், முதியோருக்கான வி.ஆர். நடத்தும் மைண்ட் இம்மர்ஸிவ் நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வு 2025 தொடக்கத்தில் பத்திரிகைகளில் அடிபட்டது. 10 மாநிலங்களில் 17 முதியோர் குடியிருப்புகள், 245 பேர், வயது 65 முதல் 103 வரை. 103 வயதில் இந்தப் பெட்டியை மாட்டிப் பார்ப்பதற்கும் ஒரு தில் வேண்டும் சார்! பார்த்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் மனசு தெளிவாக இருக்கிறது என்றார்கள். 60 சதவீதத்தை ஒட்டியவர்கள் தனிமை குறைந்த மாதிரி இருக்கிறது என்றார்கள்.

உடனே 'கண்கண்ட மருந்து' என்று போர்டு மாட்டிவிடாதீர்கள். இது அவரவர் வாயால் சொன்ன கணக்கு. ஆய்வில் கூட்டாளியாக இருந்தது இதையே விற்கிற கம்பெனி. மறதி நோயை இது குணமாக்காது. மூட்டு வலியைத் துரத்தாது. அன்றைய பொழுதை வெளிச்சமாக்கும். பேச ஒரு விஷயம் கொடுக்கும். தனியாக இருப்பவர்களுக்கு அதுவே பெரிசு.

இந்தப் பேச்சு ரகசியத்தைச் சிலர் சீக்கிரமே பிடித்துவிட்டார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்தவர்கள் 2016-ல் தொடங்கிய 'ரெண்டெவர்' நிறுவனம், முதியோர் இல்லங்களில் பெட்டியைத் தனி ஆளுக்கு மாட்டுவதைவிடக் கூட்டமாக மாட்டுவதில் குறியாக இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே இடம் தெரியும். ஊழியர் கையில் ஒரு டேப்லெட்; அவர்தான் டூர் கைடு. 'இது எங்க கல்யாணம் நடந்த ஊரு' என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், மற்றவர்களும் தங்கள் ஊர்க்கதையை எடுத்துவிடுவார்கள்.

ஜப்பான்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கென்டா தோஷிமா முன்பு முதியோர் பராமரிப்பு மையத்தில் வேலை பார்த்தவர். அங்கிருந்தவர்கள் பார்க்க ஏங்கிய இடங்களை 360 டிகிரியில் படம் பிடித்து வந்து காட்டினார். பிறகு, ஓடியாடித் திரியும் ஆரோக்கியமான பெரியவர்களுக்கே காமிராவைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். நடக்க முடிகிற தாத்தா, நடக்க முடியாத தாத்தாவுக்காக ஊர் சுற்றிப் படம் எடுத்து வருகிறார். ஒருவருக்கு வேடிக்கை, இன்னொருவருக்கு வேலை. 'எனக்கு இன்னும் வேலை இருக்கிறது' என்ற நினைப்பைவிட நல்ல டானிக் எந்த மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும்?

கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால்...

இன்னொரு நாள் டீச்சரம்மாவுக்கு வேறு ஒரு படம் போட்டேன். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பள்ளி வகுப்பறை, நடுவில் 360 காமிரா. பாடம் நடக்கிறது. என் கண் டீச்சரைத்தான் பார்த்தது. அவர் சட்டென்று பின்னால் திரும்பினார்.

"மூணாவது வரிசைப் பையன் எழுதற மாதிரி பாவ்லா பண்றான். பென்சில் நகரவே இல்லை."

அப்புறம் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல என் கிளாஸை நான் பார்த்ததே இல்லை தம்பி. நின்னு நடத்திண்டே இருந்தேன்."

ஆராய்ச்சிக்காரர்கள் நாள்பட்டு நிரூபித்த சங்கதி இது. ஆடம்ஸ், பிடில் என்ற இருவர் வகுப்புகளை வீடியோவில் பதிந்து அலசி 1970-ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். டீச்சரின் கேள்வியும் பிள்ளைகளின் பதிலும் முன்வரிசையிலும் நடுவரிசையிலுமே சுற்றிச் சுற்றி வந்தன. மூலையில் உட்கார்ந்தவர்கள் கிட்டத்தட்ட பார்வையாளர்கள்! மேரி பட் ரோ என்ற அம்மையார் 1970-களில் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். கேள்வி கேட்டுவிட்டு டீச்சர்கள் பதிலுக்குக் காத்திருப்பது சராசரியாக ஒரு செகண்டுதான். அதை மூன்று செகண்டாக்கினால் பதில்கள் நீளமாகின்றன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். இரண்டே செகண்ட் வித்தியாசம் சார்! நம் ஆபீஸ் மீட்டிங்குகளிலும் இதை யாராவது அமல்படுத்தினால் புண்ணியமாகப் போகும்.

எந்த டீச்சரும் வேண்டுமென்று மூலைப் பையனை ஒதுக்குவதில்லை. பாடம் நடத்துகிற நேரத்தில் தன்னைத் தானே பார்க்க முடியாது, அவ்வளவுதான். அதற்காகத்தான் 1963-ல் ஸ்டான்ஃபோர்டில் ட்வைட் ஆலனும் சகாக்களும் 'மைக்ரோ டீச்சிங்' கொண்டுவந்தார்கள். கொஞ்சம் மாணவர்கள், சில நிமிஷப் பாடம். வீடியோவில் பதிந்து, போட்டுப் பார்த்து, திருத்தி, மறுபடி நடத்துவது. நம் ஊர் பி.எட். படித்தவர்களுக்கு 'நுண்ணிலைக் கற்பித்தல்' என்றால் தெரியும்.

சாதா காமிராவில் ஒரு குறை. டீச்சரைப் பிடித்தால் பிள்ளைகள் காணோம். பிள்ளைகளைப் பிடித்தால் போர்டு காணோம். 360 காமிரா ஓரவஞ்சனை பார்க்காது. 2009-ல் கேட்ஸ் அறக்கட்டளை பணம் போட்டு அமெரிக்காவில் தொடங்கிய பெரிய ஆய்வில் சுமார் 3,000 ஆசிரியர்கள் கலந்துகொண்டார்கள். பாடங்களைப் பதிய வைத்தது இப்படிச் சுற்றிலும் பார்க்கிற காமிராவைத்தான். ஓஹையோ மாநிலத்துக் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஃபெர்டிக்கும் கார்ல் காஸ்கோவும், ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்குக் கணக்கு வகுப்புகளை 360 வீடியோவாகக் காட்டி ஆராய்ந்தார்கள். வகுப்பில் எங்கே பார்க்க வேண்டும், பிள்ளை எப்படி யோசிக்கிறது என்பதைக் கவனிக்கும் பழக்கத்துக்கு இது கை கொடுக்கிறது என்பது அவர்கள் கட்சி.

அடங்காத ஐவர்

மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் செய்தது இன்னும் தமாஷ். 'டீச்லைவ்' என்று பெயர். பெரிய திரையில் ஒரு வகுப்பறை. அதில் கம்ப்யூட்டரில் வரைந்த ஐந்து பிள்ளைகள். ஷான் என்பவன் எல்லாக் கேள்விக்கும் கை தூக்குவான். மரியா வாயே திறக்காது. இன்னொருத்தி கவனிக்கவே மாட்டாள். திரைக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்து ஐந்து பேருக்கும் குரல் கொடுத்து ஆட்டிவைப்பார். நம் ஊர் பொம்மலாட்டம்தான், கொஞ்சம் கரண்ட் செலவோடு!

புது ஆசிரியர் இந்த வாண்டுகளிடம் பாடம் நடத்திப் பழகலாம். சொதப்பினால் ஒரு பிள்ளைக்கும் நஷ்டமில்லை. ரீசெட் பட்டன் இருக்கிறது. நான்கே நான்கு பத்து நிமிஷப் பயிற்சியில் ஆசிரியர்களின் கேள்வி கேட்கும் முறை முன்னேறி, அது நிஜ வகுப்பிலும் தொடர்ந்தது என்று ஆய்வில் கண்டார்கள். விமான பைலட்டுக்கு சிமுலேட்டர் கொடுக்கிறோம். நாற்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் மேலே தூக்குகிறவருக்கும் ஒன்று கொடுத்தால் என்ன?

உளவாளி ஆகிவிடக் கூடாது

கத்தி காய்கறியும் நறுக்கும், விரலையும் நறுக்கும். வகுப்பறைக் காமிரா மேலதிகாரி கைக்குப் போனால், டீச்சர் பாடம் நடத்த மாட்டார், நடிப்பார். ஹார்வர்ட் பல்கலைக்கழகம் நடத்திய ஒரு திட்டத்தில் ஆசிரியர்களே தங்கள் பாடங்களைப் பதிந்து, எதைக் காட்டுவது என்று அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். சாவி அவர்கள் கையில். இது கௌரவமான ஏற்பாடு. பிள்ளைகள் முகமும் படத்தில் வருவதால், பெற்றோரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்குவதும் அவசியம்.

இன்னொரு ஆபத்து பீரோ! 2014-ல் கூகுள் ஒரு அட்டைப் பெட்டி விட்டது. போனைச் செருகினால் ஏழைகளின் வி.ஆர். மறுவருஷம் பள்ளிக்கூடங்களுக்காக 'எக்ஸ்பெடிஷன்ஸ்' என்று உலகச் சுற்றுலாத் திட்டம். 2021-ல் இரண்டுக்கும் மூடுவிழா நடத்திவிட்டார்கள். சாமான் வாங்குவது சுலபம். வாங்கினதும் ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, பீரோவில் வைத்துப் பூட்டுவது அதைவிடச் சுலபம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். மணிவண்ணன் தலைமையில் இந்தத் துறைக்கென்றே எக்ஸ்.டி.ஐ.சி. என்ற மையம் இயங்குகிறது. மூளைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

வீட்டில் செய்து பார்க்க...

* கைப்பிடி உள்ள, உருளாத நாற்காலியில் உட்கார வைத்துத்தான் மாட்ட வேண்டும். நிற்க வைத்தால் விழுவார்கள்.

* முதல் தடவை ஐந்து நிமிஷம் போதும். பத்தைத் தாண்ட வேண்டாம்.

* அசையாத காட்சிகளாக ஆரம்பியுங்கள்: கோயில் பிராகாரம், ஆற்றங்கரை, தோட்டம். ரோலர் கோஸ்டர் உங்களுக்கு, அவர்களுக்கு அல்ல.

* வலிப்பு வந்தவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள், சமீபத்தில் கண் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

* மாட்டுவதற்கு முன் எந்த இடம் என்று சொல்லுங்கள். தோளில் கை வையுங்கள். ஞாபகமறதி உள்ளவர்கள் மிரண்டுபோகக்கூடும். 'எடுத்துடு' என்றால் அந்த நொடியே எடுத்துவிடுங்கள்.

* பெட்டியைத் துடைக்காமல் அடுத்தவர் முகத்துக்கு மாற்றாதீர்கள்.

* முடிந்தால் ஊருக்குப் போகும்போது ஒரு 360 காமிராவை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ கொண்டுபோங்கள். ஈஃபில் டவரைவிட உங்கள் ஊர்க் கிணற்றடிக்கு மவுசு அதிகம்.

கடைசியாக ஒன்று. பெட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு, 'பாட்டி, நீ காசிக்குப் போயிட்டு வா, நான் ஆபீஸ் போயிட்டு வர்றேன்' என்று கிளம்பிவிடலாம் என்று யாருக்காவது ஐடியா இருந்தால், அந்தக் காசை அப்படியே உண்டியலில் போட்டுவிடுங்கள். பாட்டியானாலும் சரி, வாத்தியாரானாலும் சரி, கழற்றிய பிறகு 'என்ன பார்த்தீங்க?' என்று கேட்க எதிரே ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு சார்ஜ் போட வேண்டாம், சாப்ட்வேர் வேண்டாம்.

அரை நாள் லீவு போட்டால் போதும்!